ஈசானிய மூலைக்குப் போகும் நாற்காலி

1

கார்த்திகை பிறந்தாலே எனக்குப் பயம் பிடித்துவிடும். இரண்டு வருடமாக இப்படித்தான். அயர்லாந்தில் கார்த்திகையும் கிடையாது, மார்கழியும் கிடையாது. வருடம் முழுக்கப் பெய்யும் அதே தூறல் நவம்பரில் கொஞ்சம் கூடுதல் குளிரோடு பெய்யும், அவ்வளவுதான். ஆனாலும் காலையில் செல்பேசியைத் திறந்து விழுப்புரத்தில் மழையா என்று பார்க்காமல் நான் பல் தேய்ப்பதில்லை. நான் பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

போன வாரம் வேலை இடத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம் என் மனைவி செல்வி போன் செய்தாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். செல்வி இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை பார்க்கிறாள். யார் காதிலோ விழுந்துவிடும் என்பதுபோலத் தணிந்த குரலில் பேசினாள். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் யாருமில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"இன்னாங்க, இங்க ஜன்னலோரமா ஒரு பெரிய ஹாலு இருக்குதே, அது நீங்க போட்ட தரையா?"

ஆமாம் என்றேன். எதற்குக் கேட்கிறாய் என்றேன்.

"பக்கெட்ட நிறுத்திட்டு நான் துடைச்சிக்கினு இருக்கேன், அது பாட்டுக்கு உருண்டு போவுது. சந்தேகமா இருந்துச்சு. ஒரு குவளை தண்ணி ஊத்திப் பார்த்தேன். நேரா ஈசானிய மூலைக்குப் போவுதுங்க."

அன்றைக்கு அந்த டப்பாவைச் சாப்பிடாமலே மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

2

என் தொழில் தரை. காங்கிரீட் தளம் காய்ந்த பிறகு அதன்மேல் மணலும் சிமெண்டும் புட்டு மாவுப் பதத்தில் கலந்து இரண்டரை அங்குலம் போட்டு, இழுத்து, தேய்த்து, மட்டம் செய்வது. இங்கே அதை ஸ்கிரீட் என்கிறார்கள். கூட்டேரிப்பட்டில் காலை பஸ் பிடித்து ஒருநாள் திண்டிவனம், ஒருநாள் விழுப்புரம் என்று பதினெட்டு வருடம் இதே வேலைதான் செய்தேன். செல்வி திண்டிவனத்துக்காரி. எங்கள் கோஷ்டியில் சித்தாளாக வந்தவள். நான் மட்டப்பலகை இழுக்கும்போது எந்த இடத்தில் கலவை குறையும் என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்து, அந்த இடத்தில் ஒரு சட்டி கொட்டியிருப்பாள். அப்படித்தான் கல்யாணம் ஆனது.

நம் ஊரில் மட்டமான தரை என்று ஒன்று கிடையாது. இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலேயே பாருங்கள். தரை ஒரு மூலையை நோக்கி லேசாக இறங்கும். அதற்கு வாட்டம் என்று பெயர். வெள்ளிக்கிழமை வீடு கழுவினால் தண்ணீர் தானாக வெளியே போக வேண்டும். அதிலும் ஈசானிய மூலைக்கு, அதாவது வடகிழக்குக்குப் போனால்தான் வீட்டுக்காரருக்கு நிம்மதி. தரை அழகாக இருந்தால் யாரும் மேஸ்திரியைப் பாராட்ட மாட்டார்கள். தண்ணீர் நின்றால் மட்டும் ஏழு தலைமுறைக்கும் திட்டுவார்கள். எந்த இடத்தில் கொண்டுபோய் விட்டாலும் முதலில் கிழக்கு எது என்று பார்த்துவிட்டுத்தான் எங்கள் கை கரணையை எடுக்கும்.

இங்கே வீட்டைக் கழுவுவது கிடையாது. துடைப்பதுதான். குளியலறையைத் தவிர வேறெங்கும் வாட்டம் கூடாது. இதை நான் வந்த முதல் மாதமே கற்றுக்கொண்டேன். சுவரில் சிவப்புக் கோடு போடும் லேசர் கருவி ஒன்று கொடுத்தார்கள். அந்தக் கோட்டை நம்பு, உன் கையை நம்பாதே என்று பிரெண்டன் சொன்னார். அவர்தான் என் மேற்பார்வையாளர். என் முதல் தரையைப் பார்த்து 'கிராண்ட்' என்றார். நம் ஊரில் கல்யாணம்தான் கிராண்டாக நடக்கும். நான் பூரித்துப்போய் செல்விக்குப் போன் செய்து சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, இங்கே தேநீர் சூடாக இருந்தாலும் கிராண்ட்தான், பஸ் சரியான நேரத்துக்கு வந்தாலும் கிராண்ட்தான்.

3

அந்த ஹாலைப் போட்ட நாளை நான் மறக்க முடியாது. ஆனால் போட்ட விதம் நினைவில் இல்லை.

அப்போது செல்வியும் மகள் பவித்ராவும் ஊரில் இருந்தார்கள். விழுப்புரத்திலிருந்து திருவாமாத்தூர் போகும் வழியில் நாங்கள் கட்டிய வீடு. என் கையால் தரை போட்ட வீடு. இரண்டு நாளாக விடாத மழை. ஏரி நிரம்பி, ஆறு நிரம்பி, தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டது. இங்கே காலை எட்டு மணி இருக்கும். செல்வி கூப்பிட்டு, தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது, பாத்திரமெல்லாம் மிதக்கிறது என்றாள். மேலே போங்கள் என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்தது. அதன்பிறகு எத்தனை முறை அடித்தும் போகவில்லை. அக்கம்பக்கத்து எண்கள், கூட்டேரிப்பட்டில் என் அண்ணன் எண், எல்லாமே செத்துக் கிடந்தன.

அன்று ஹாலை முடிக்க நான் ஒருவன்தான் இருந்தேன். பாதிக் கலவை ஏற்கெனவே தரையில் கிடந்தது. சிமெண்டு யாருக்காகவும் காத்திருக்காது. மதியம் வேறு இடத்தில் தேவை என்று லேசரையும் எடுத்துப் போய்விட்டார்கள். மீதிக்கு நூல் பிடித்து, கண் அளவில் புல்மார்க் வைத்தேன். புல்மார்க் என்றால் உயரம் குறிக்க அங்கங்கே வைக்கும் கலவைக் குத்து. அதை ஒட்டிப் பலகையை இழுத்தால் தரை. ஒரு கையால் பலகை இழுப்பேன், மறு கையால் போனை எடுத்துப் பார்ப்பேன். போனெல்லாம் சிமெண்டு. அந்த நான்கைந்து மணி நேரம் நான் அயர்லாந்தில் இல்லை. முட்டிபோட்டுக்கொண்டு இருந்தது இங்கே, கை வேலை செய்தது விழுப்புரத்து வீட்டில். தண்ணீர் போக வேண்டும், தண்ணீர் வெளியே போக வேண்டும் என்று வாய் முணுமுணுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் மதியம் போன் வந்தது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒரு இரவும் பகலும் இருந்திருக்கிறார்கள். இருவரும் உயிரோடு இருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் அழுதுகொண்டே இருந்தபோது பிரெண்டன் ஒரு தாளை நீட்டினார். லேசர் வைத்துச் சரிபார்த்தாயிற்றா என்று ஒரு கட்டம். நான் அதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். பிறகு மட்டப்பலகை வைத்துப் பார்த்தவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. பலகை மேடு பள்ளத்தைத்தான் காட்டும். மொத்தமாகச் சாய்ந்திருந்தால் காட்டாது.

4

போன வாரம் அந்தப் பக்கெட் போன் வந்த அன்று மாலை செல்வி வீட்டுக்கு வந்து சொன்ன விஷயம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பக்கெட் பெரிய விஷயமில்லை. அந்த ஹாலில் டெனிஸ் என்று ஒருவர் இருக்கிறார்.

டெனிஸ் நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர். இப்போது சக்கர நாற்காலி. தினமும் காலை அவரை ஹாலில் மேசையோரம் கொண்டுவந்து விடுவார்கள். தரை மட்டம்தானே என்று யாரும் பிரேக் போடுவதில்லை. அவர் விரல்களுக்கு பிரேக் கட்டையை இழுக்கும் பலமில்லை. உட்கார்ந்தபடி கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடும் பழக்கம் அவருக்கு. ஆட ஆட நாற்காலி நகரும். அரை மணி நேரத்தில் மூலையில் சுவரைப் பார்த்தபடி இருப்பார். வண்டி உருளுகிறது, நான் தள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். காலால் தள்ளிக்கொண்டு போய்விட்டு மறந்துவிடுகிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். திரும்பத் திரும்பச் சொன்னதால் புத்தி தடுமாறுகிறது என்று ஏட்டில் எழுதிவிட்டார்கள். அடுத்த வாரம் ஒரு கூட்டம். அதில் முடிவானால் அவரை மாடிக்கு மாற்றுவார்கள். அங்கே கதவு எண் போட்டால்தான் திறக்கும். நினைவு தப்பியவர்களுக்கான பகுதி அது.

"அந்த மனுஷனுக்கு மூளை நல்லாத்தாங்க இருக்குது. தரைதான் சரியில்ல," என்றாள் செல்வி. "கேட்டா புரியுது, ஆனா எனக்கு இங்கிலீஷ் பேச வரல, சொல்ல முடியல. என் கையப் புடிச்சிக்கினு நீயாவது நம்புன்னு சொல்றாரு."

நான் உடனே என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். தை மாதத்தை நினைத்தேன். தையில் எனக்கு இங்கே ஐந்து வருடம் முடிகிறது. முடிந்தால் கடவுச்சீட்டில் வேறு முத்திரை. அதன்பிறகு எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம். யாரும் நாளைக்கு வராதே என்று சொன்னால் மூட்டை கட்ட வேண்டியதில்லை. அந்த முத்திரைக்கு என் நிறுவனம் ஒரு கடிதம் தர வேண்டும். பொய்யாக டிக் அடித்தவனுக்கு யார் கடிதம் தருவார்கள்? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கனமில்லாமலே பயம். இப்போது கனமும் சேர்ந்துவிட்டது.

5

தை முடியட்டும், நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். அதுவரை பிரேக் போடச் சொல்லி நர்சிடம் சைகை காட்டு என்றேன். செல்வி காட்டினாள். அன்று போட்டார்கள். மறுநாள் வேறு ஷிப்ட், வேறு ஆட்கள். டெனிஸ் மறுபடியும் மூலையில் இருந்தார்.

இரண்டு நாள் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. வாசலில் தபால் விழும் சத்தம் கேட்டால் ஓடிப்போய் உறைமேல் எந்த அலுவலகம் என்று பார்த்தேன். வேலை இடத்தில் பிரெண்டன் என் பெயரைச் சொன்னாலே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என் அறைத் தோழர்களாக இருந்த பழைய ஆட்கள் ஒவ்வொருவரும் எப்படித் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று கணக்கெடுத்துப் பார்த்தேன். பவித்ராவுக்குப் பதினைந்து வயது. இங்கே வந்து ஒரு வருடத்துக்குள் அவள் பேச்சு மாறிவிட்டது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். தட்டாமல் உள்ளே வரக்கூடாது என்று அறைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள். தோழிகள் அவளைப் பாவ் என்று கூப்பிடுகிறார்கள். மறுபடி விழுப்புரம் போகிறோம் என்றால் இவள் என்னை என்ன செய்வாள் என்ற பயம் வேறு.

வெள்ளிக்கிழமை சோறு போட்டுக்கொண்டே செல்வி கேட்டாள்.

"தண்ணி வடிஞ்ச அன்னிக்கி நம்ம வூடு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சேறாக இருந்தது என்று சொல்லியிருந்தாயே என்றேன்.

"பக்கத்து வூட்ல மூணு நாளு தண்ணி அள்ளிக் கொட்டுனாங்க. நம்ம வூட்ல தெருவுல வடிஞ்சதும் ஒரு மணி நேரத்துல தானா வெளிய போச்சு. நான் வாசல்ல குந்திக்கினு உங்க கைய நெனச்சி அழுதேன். அந்தக் கைதாங்க இங்கயும் போட்டுச்சு. அதப் போயி மறைக்கச் சொல்றீங்களே."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"தைக்குள்ள அவர மேல கொண்டு போயிடுவாங்க," என்றாள். "மேல போனவங்க யாரும் கீழ வந்து நான் பார்த்ததில்ல."

6

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோட்டுக்குள், குமிழி வைத்து மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைச் செருகிக்கொண்டு போனேன். ரசமட்டம் கொண்டுபோனதற்குக் காரணம், நானே இன்னும் நம்பாமல் இருந்ததுதான். பார்வையாளர் ஏட்டில் பெயர் எழுதும்போது யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் டெனிஸ் என்று எழுதினேன். உறவு என்ற கட்டத்தை விட்டுவிட்டேன்.

அவர் மூலையில்தான் இருந்தார். ஒல்லியான மனிதர், பெரிய கைகள். நான் யார் என்று கேட்டார். செல்வியின் கணவர் என்றதும் சிரித்தார். நான் அவர் காலடியில் மண்டியிட்டு ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன். குமிழி நடுக்கோட்டில் நிற்காமல் உயர்ந்த பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் இருக்கும். மொட்டை மாடிக்குக் கொடுக்கிற வாட்டம்.

டெனிஸ் குனிந்து குமிழியை வெகுநேரம் பார்த்தார். ஓட்டுநருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. தனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்றார். ராத்திரி படுத்துக்கொண்டு, ஒருவேளை நான்தான் தள்ளிக்கொண்டு போகிறேனோ, எனக்குத்தான் தெரியவில்லையோ என்று பயந்தாராம். இத்தனை நாள் என் பயத்தை மட்டுமே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அதற்குள் அந்த இல்லத்தின் மேலாளர் அம்மாள் வந்துவிட்டார். தரையில் மண்டியிட்டிருக்கும் ஒரு அந்நியனை அவர் எப்படிப் பார்த்தார் என்று சொல்ல வேண்டுமா? பாதி ராத்திரி வரை ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஆங்கிலம் முழுக்க மறந்துவிட்டது. என் தரை, என் தப்பு, இவர் தப்பில்லை என்று மூன்றே மூன்றை மாற்றி மாற்றிச் சொன்னேன். ரசமட்டத்தைக் காட்டினேன். அந்த அம்மாள் டெனிஸை மேசையோரம் தள்ளிக்கொண்டுபோய் விட்டார். கையை எடுத்தார். டெனிஸ் வழக்கம்போல ஆடினார். நாற்காலி மெல்லப் புறப்பட்டது. அந்த அம்மாள் அதன் கூடவே மூலைவரை நடந்து வந்தார். பிறகு டெனிஸின் தோளில் கை வைத்து மன்னிப்புக் கேட்டார். கூட்டத்துப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுகிறேன் என்றார். என்னிடம் திரும்பி, இதை உங்கள் நிறுவனத்துக்கு நான் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்றார்.

ஏன் அந்த மூலை என்று டெனிஸ் கேட்டார். எங்கள் ஊரில் தண்ணீர் அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார்.

7

பிரெண்டன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திங்கட்கிழமை அவர் என் முகத்தைப் பார்க்காமலே மின்னஞ்சலில் ஒரு படிவம் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். என்ன குறை, எப்போது நடந்தது, காரணம் என்ன. நாளைக்குள் வேண்டும். அதைப் பார்த்துத்தான் மேலே முடிவு செய்வார்கள். தை மாதக் கடிதம் பற்றிக் கேட்டேன். தெரியாது என்றார்.

மாலையில் பவித்ராவின் கதவைத் தட்டினேன். கணினி அவளிடம்தான் இருக்கிறது, ஆங்கிலமும் அவளிடம்தான் இருக்கிறது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே படிவத்தைத் திறந்து அடிக்கத் தொடங்கினாள். காரணம் என்ற கட்டம் வந்தது.

"ஷல் ஐ புட் கேர்லஸ், அப்பா?"

அதையே போடு, கவனக்குறைவுதான் என்றேன். பிறகு அவள் தேதி கேட்டாள். சொன்னேன். அவள் விரல்கள் நின்றன. காதில் இருந்ததைக் கழற்றினாள்.

"அன்னிக்கா?"

அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. மொட்டை மாடியில் அவள் எப்படி இருந்தாள் என்று நானும் கேட்டதில்லை, நான் இங்கே எப்படி இருந்தேன் என்று அவளும் கேட்டதில்லை. இப்போது சொன்னேன். போன் அறுந்தது, லேசர் இல்லாதது, கை எங்கேயோ போனது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு போட்டிருந்ததை அழித்துவிட்டு நீளமாக அடிக்க ஆரம்பித்தாள். என்ன எழுதியிருக்கிறாய், எனக்குப் படித்துக் காட்டு என்றேன். அவள் திரையைப் பார்த்தபடி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். பல மாதம் கழித்து அந்தப் பேச்சை அவள் வாயில் கேட்டேன்.

"அன்னிக்கி எங்க ஊர்ல வெள்ளம். நானும் எங்க அம்மாவும் தண்ணில நின்னுக்கினு இருந்தோம். நாங்க உயிரோட இருக்கோமான்னு எங்க அப்பாவுக்குத் தெரியாது. எங்க வூட்டுத் தண்ணி வெளிய போகணும்னு நெனச்சிக்கினே அவரு இந்தத் தரையப் போட்டுட்டாரு. சரிபார்க்காம கையெழுத்து போட்டது தப்பு. அவரே வந்து சொன்னாரு."

அவ்வளவுதான். அதற்குமேல் கெஞ்சல் எதுவும் இல்லை. கொஞ்சம் கெஞ்சியிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது.

"அனுப்பட்டுமாப்பா?"

அனுப்பு என்று கையைக் காட்டினேன். அவள் அனுப்பினாள்.

"கடிதம் தரலன்னா ஊருக்குப் போகணுமா?"

தெரியலம்மா என்றேன். பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். மகளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"அங்க இப்ப மழையாப்பா?"

போனை எடுத்தேன். அவள் என் தோள்மேல் முகவாயை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். விழுப்புரத்தில் இன்று மழை, நாளையும் மழை என்று போட்டிருந்தது.